சில ஃபைல்கள் மட்டும், ஃபோல்டர் அடுக்கு கலையாமல்: ரோபோகாப்பியோடு பல வருடப் பழக்கம்

புத்தக வடிவமைப்பு வேலை செய்பவர்களின் கம்ப்யூட்டரில் 001.டிஃப் என்ற பெயரில் எக்கச்சக்கமான பட ஃபைல்கள் இருக்கும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஸ்கேனர் ஒன்றிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். எது எந்தப் புத்தகத்தின் எந்த இயலுக்கு உரியது என்று சொல்வது அது கிடக்கும் ஃபோல்டர் மட்டுமே. வருடம், அதற்குள் புத்தகம், அதற்குள் இயல், அதற்குள் படங்கள். இந்த அடுக்கு கலைந்துவிட்டால் ஃபைல் இருந்தும் பயனில்லை.

ஆனால் எல்லாவற்றையும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோகவும் முடியாது. ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐ-யில் கலரில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் டிஃப்பாக வைத்தால் ஏறத்தாழ 100 எம்பி ஆகும். எங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் அக்கா வீட்டிலிருந்து வேலை செய்கிறார். அவருடைய லேப்டாப்பில் இருப்பது 256 ஜிபி டிஸ்க். அவருக்கு வேண்டியது பிடிஎஃப்பும் வேர்ட் ஃபைலும்தான். அவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்த அடுக்கில் இருக்கின்றனவோ அதே அடுக்கில் அங்கேயும் இருக்க வேண்டும். அப்போதுதான் போனில் 'மூன்றாம் இயல், இரண்டாம் மெய்ப்பு' என்று சொன்னால் இரண்டு பேரும் ஒரே ஃபைலைத் திறப்போம்.

இதற்கு விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் உதவாது. தேடல் பெட்டியில் பிடிஎஃப் என்று தேடி, வந்த எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி பேஸ்ட் செய்தால், அத்தனையும் ஒரே ஃபோல்டரில் கொட்டிவிடும். ஒரே பெயரில் இரண்டு வந்தால் 'மாற்றவா, தவிர்க்கவா' என்று கேட்கும். முழு ஃபோல்டரையும் காப்பி செய்துவிட்டு வேண்டாததை அழிக்கலாம்தான். அதற்கு முதலில் அத்தனைக்கும் இடம் வேண்டும், அழிக்கும் வேலையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஃபைல்களைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் எந்த வழியும் நீண்ட நாள் ஓடாது என்பது என் உறுதியான கருத்து. எது வேண்டும் என்பதை ஒரு விதியாக எழுதி வைக்க வேண்டும்.

நான் இன்றுவரை விடாமல் பயன்படுத்துவது ரோபோகாப்பி, ஃபைல்களைக் காப்பி செய்வதற்கான விண்டோஸ் கட்டளை. விண்டோஸ் என்டி காலத்தில் ரிசோர்ஸ் கிட் என்ற கருவித் தொகுப்பில் தனியாக வந்தது, விஸ்டாவிலிருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்டில் எழுதும் வரிசை எளிது: ரோபோகாப்பி, எங்கிருந்து, எங்கே, எந்த வகை ஃபைல்கள், அப்புறம் ஸ்விட்சுகள், அதாவது எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும், சாய்கோட்டில் தொடங்கும் குறிப்புகள். வகைக்கு நட்சத்திரக் குறி, புள்ளி, எக்ஸ்டென்ஷன். பல வகைகளை இடைவெளி விட்டு அடுக்கலாம். /எஸ் போட்டால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்குள்ளும் போகும், காலி ஃபோல்டர்களை விட்டுவிடும். காலியானவையும் வேண்டும் என்றால் /ஈ. தேவையில்லாத ஃபோல்டர்களை /எக்ஸ்டி (XD) என்று போட்டுப் பெயர் சொல்லி ஒதுக்கலாம். நாங்கள் 'பழையது' என்ற பெயரில் எங்கே ஃபோல்டர் இருந்தாலும் ஒதுக்கிவிடுகிறோம்.

இந்த வரியை நோட்பேடில் எழுதி பேட்ச் ஃபைலாகச் சேமித்துவிட்டால் அப்புறம் டபுள் கிளிக்தான். இரண்டாவது முறை ஓட்டும்போது அளவும் தேதியும் மாறாத ஃபைல்களைத் தொடாது, மாறியதை மட்டும் கொண்டுவரும். தினசரி வேலையில் இதுதான் பெரிய நிம்மதி.

ஸ்விட்சுகளில் நான் விடாமல் போடுவது /எக்ஸ்ஓ. எதுவும் சொல்லாவிட்டால் ரோபோகாப்பி, தேதி வேறாக இருந்தாலே எழுதிவிடும். சேருமிடத்தில் இருப்பது புதியது, மூலத்தில் இருப்பது பழையது என்றாலும் பழையதே புதியதன் மேல் உட்கார்ந்துவிடும். பேட்ச் ஃபைலை முதன்முதலில் காட்டியபோது அக்கா கேட்ட ஒரே கேள்வியும் இதுதான்: "தம்பி, நான் குறிச்சு வெச்சது எதுவும் போயிடாதே?" பழையதை எழுதாதே என்று சொல்வதுதான் /எக்ஸ்ஓ. ஆனால் அதுவும் பாதிப் பாதுகாப்புதான். அவர் குறித்த பிறகு ஆபீஸில் அதே பிடிஎஃப்பை மறுபடி எடுத்தால் ஆபீஸ் பிரதி புதியதாகிவிடும், அவருடைய குறிப்புகள் போய்விடும். அதனால் அவர் குறித்ததை 'திருத்தம்' என்ற தனி ஃபோல்டருக்குள் அதே வருடம், புத்தகம், இயல் அடுக்கில் வைக்கிறார். அங்கிருந்து ஆபீஸுக்குத் திரும்ப இன்னொரு பேட்ச் ஃபைல். அதில் /மேக்ஸ்ஏஜ் போட்டு ஏழு என்று கொடுத்திருக்கிறேன், கடந்த ஏழு நாட்களில் மாறியவை மட்டும் வரும்.

/எல் இன்னொரு நல்ல ஸ்விட்ச். எதையும் காப்பி செய்யாமல் என்னென்ன செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். புது வரி எழுதினால் முதலில் /எல் வைத்து ஓட்டுங்கள். இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் /மிர் ஸ்விட்சைத் தேர்ந்தெடுத்த ஃபைல்களைக் கொண்டுபோகும் வேலைக்கு நான் சொல்லவே மாட்டேன். மூலத்தில் இல்லாத எதையும் சேருமிடத்தில் அழிப்பது அதன் வேலை. முழு பேக்கப்புக்கு அது சரி.

அப்புறம் /ஆர், /டபிள்யூ. எத்தனை தடவை முயல்வது என்பது முதலாவது, இடையில் எத்தனை விநாடி காத்திருப்பது என்பது இரண்டாவது. ஒரு ஃபைல் திறந்திருந்து எடுக்க முடியாவிட்டால் முப்பது விநாடிக்கு ஒருமுறை, பத்து லட்சம் தடவை முயல்வதுதான் இதன் இயல்பான அமைப்பு. யாராவது ஒரு வேர்ட் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் விடிய விடிய அதிலேயே நிற்கும். இரண்டு தடவை, ஐந்து விநாடி என்று மாற்றிவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். ஃபோல்டர்களின் தேதியும் மாறாமல் வர வேண்டுமானால் /டிகாப்பி (DCOPY) சேர்த்து டி (T) என்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஃபைல்களின் தேதி சரியாக இருக்கும், ஃபோல்டர்கள் எல்லாம் இன்று பிறந்ததாகக் காட்டும்.

எழுதும்போது கவனிக்க இன்னொன்று: பாதையை மேற்கோள் குறிக்குள் போட்டால் கடைசியில் பின்சாய்வுக் கோடு வைக்காதீர்கள். அது மேற்கோள் குறியையும் விழுங்கிவிடும், கட்டளை புரியாமல் நிற்கும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு ஓட்டுபவர்கள் முடிவு எண் 1 என்று வந்தால் பயப்பட வேண்டாம். ரோபோகாப்பியில் 0 என்றால் எதுவும் மாறவில்லை, 1 என்றால் ஃபைல்கள் போய்ச் சேர்ந்தன. 8-ம் அதற்கு மேலும் வந்தால்தான் கோளாறு.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு. ஃபைல் பெயரைத் தமிழில் வைக்காதே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்ப் புத்தகத்தின் ஃபோல்டர் தமிழில்தான் இருக்க வேண்டும். ரோபோகாப்பி பெயர்களைப் பிசகாமல் கொண்டுபோகும். ஆனால் செய்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக் ஃபைலில் அவை கேள்விக்குறிகளாக வரும். /லாக்-கிற்குப் பதில் /யூனிலாக் போட்டால் தமிழ் தெரியும். பேட்ச் ஃபைலுக்குள்ளேயே தமிழ்ப் பாதை இருந்தால் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவில் சேமித்து, முதல் வரியில் சிஹெச்சிபி (chcp) 65001 என்று எழுத வேண்டும்.

பெயரின் நீளத்தையும் பாருங்கள். 'தொல்காப்பியம்' நம் கணக்கில் ஏழு எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் பதின்மூன்று. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகச் சேரும். எக்ஸ்ப்ளோரரின் 260 எழுத்து வரம்பை நான்கைந்து அடுக்குள்ள தமிழ்ப் பாதை சீக்கிரமே தொட்டுவிடும். ரோபோகாப்பி அதைத் தாண்டியும் காப்பி செய்யும். ஆனால் அப்படிப் போன ஃபைலை அங்கே திறக்கும் மென்பொருள் தடுமாறலாம். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்டுதான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் 85 குறிகளோடு முடிந்துவிடும்.

மேக்குக்கும் லினக்ஸுக்கும் இதே வேலையைச் செய்யும் ஆர்சிங்க் என்ற கட்டளை இருக்கிறது. 1996-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் ஆஸ்திரேலியாவில் எழுதியது. பெரிய ஃபைலில் சிறிது மாறினால் மாறிய பகுதியை மட்டும் நெட்வொர்க் வழியே அனுப்பும், அனுப்பியதும் முழு ஃபைலையும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) வைத்துச் சரிபார்க்கும். இந்தச் சரிபார்ப்பு ரோபோகாப்பியில் இல்லை. தேர்ந்தெடுக்க எழுதும் விதி மட்டும் முதலில் குழப்பும்: எல்லா ஃபோல்டர்களையும் சேர், பிடிஎஃப்பைச் சேர், மற்ற எல்லாவற்றையும் விலக்கு, இந்த வரிசையிலேயே எழுத வேண்டும். கூடவே -எம் போடாவிட்டால் காலி ஃபோல்டர்களாக வந்து குவியும். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லையென்றால் ஃபோல்டரே போகும்.

பழைய மேக் டிஸ்க்குகளோடு வேலை செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் ஃபைல்களைச் சேமிக்கும் ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற அமைப்பு 'தொ'வில் இருக்கும் ஒகரக் குறியை எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒரே பெயர், லினக்ஸுக்கோ இரண்டு வேறு பெயர்கள். ஒரே புத்தகத்துக்கு இரட்டை ஃபோல்டர் முளைப்பது இதனால்தான். ஆர்சிங்கின் மூன்றாம் பதிப்பிலிருந்து ஐகான்வ் என்ற ஸ்விட்ச் இருக்கிறது, அதில் யூடிஎஃப்-8-மேக் என்று கொடுத்தால் பிரிந்த குறியைச் சேர்த்துப் பெயரை எழுதும்.

கமாண்ட் ப்ராம்ப்டைக் கண்டாலே தயங்குபவர்களுக்கு ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் போதும். வடிகட்டியில் வேண்டிய வகைகளை எழுதி, இரண்டு பக்கமும் என்ன மாறும் என்று கண்ணால் பார்த்துவிட்டு ஓட்டலாம். அக்கா இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார்.

வேகத்தைப் பொறுத்தவரை மென்பொருளைவிட வயரும், கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியும்தான் முக்கியம். 100 எம்பிபிஎஸ் பெட்டி இருந்தால் விநாடிக்கு 11, 12 எம்பிக்கு மேல் எதை வைத்தும் எடுக்க முடியாது. கிகாபிட் என்றால் ஏறத்தாழ பத்து மடங்கு. சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் ரோபோகாப்பியில் /எம்டி (MT) போட்டுப் பாருங்கள், ஒரே நேரத்தில் எட்டு ஃபைல்களை இழுக்கும். பென்டிரைவில் கொண்டுபோவதென்றால் /எஃப்எஃப்டி (FFT) தேவைப்படும். பென்டிரைவ்கள் பலவற்றில் இருக்கும் எஃப்ஏடி32 என்ற சேமிப்பு அமைப்பு நேரத்தை இரண்டு விநாடி இடைவெளியில்தான் குறிக்கும் என்பதால், அது இல்லாமல் மாறாத ஃபைல்களும் மாறியதாகத் தெரியும்.

இத்தனை வருடத்தில் தீராத குறை ஒன்றுதான். ஃபோல்டருக்குப் பெயர் மாற்றினால் ரோபோகாப்பிக்கோ ஆர்சிங்குக்கோ அது தெரியாது. புதிய பெயரில் எல்லாவற்றையும் மறுபடி காப்பி செய்யும், பழைய பெயரில் இருப்பதும் அங்கேயே கிடக்கும். அதனால் முதல் மெய்ப்பு போன பிறகு ஃபோல்டர் பெயரில் யாரும் கை வைப்பதில்லை. ஆசிரியர் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றினால் அட்டையிலும் உள் பக்கங்களிலும் மாற்றுவோம். ஃபோல்டர் பழைய தலைப்பிலேயே இருக்கும்.