பால்கனி பீமில் கம்பியைத் தலைகீழாகக் கட்டிவிட்டார்கள்: வீடு கட்டுகிறவர்கள் கவனியுங்கள்

போன தை மாதம் எங்கள் வீட்டு மாடி பால்கனிக்குக் கான்கிரீட் போட்டார்கள். தூணிலிருந்து நாலரை அடி வெளியே நீளும் இரண்டு பீம்கள். மூன்று வாரம் கழித்து, அடியில் கொடுத்திருந்த முட்டுக்கட்டைகளைப் பிரித்தார்கள். இரண்டாம் நாளே தூணை ஒட்டி, பீமின் மேல்பக்கத்தில் குறுக்கே விரிசல். "பூச்சுல மறைஞ்சிடும் சார்" என்றார் மேஸ்திரி. எனக்கு மனசு கேட்கவில்லை. வேறொரு இன்ஜினியரை அழைத்து வந்தேன்.

அவர் கொத்திப் பார்க்கச் சொன்னார். மேலே இரண்டே இரண்டு 10 எம்எம் கம்பி, கீழே மூன்று 16 எம்எம். வரைபடத்தில் இருந்தது நேர் எதிர்.

இரண்டு பக்கமும் தூண் உள்ள பீம் நடுவில் தொய்யப் பார்க்கும். அதனால் அங்கே அடிப்பக்கம் இழுபடும், தடித்த கம்பியும் அடியில்தான் வரும். பால்கனி பீமுக்கு ஒரு முனையில் மட்டும்தான் பிடிப்பு. நுனி கீழே சாயும்போது இழுபடுவது மேல்பக்கம். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அந்த இழுவையை வாங்க வேண்டிய கம்பிகள் அடியில் கிடந்தன.

நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கும் அப்படித்தான். தூண் பக்கம் 4 அங்குலத்துக்கு ஒன்று, நுனிப் பக்கம் 6 என்று வரைபடம் சொல்கிறது. இவர்கள் எல்லாவற்றையும் சமமாகப் பரப்பி, முனையை 135 டிகிரி உள்ளே மடக்காமல் 90 டிகிரியில் விட்டிருந்தார்கள்.

கான்ட்ராக்டரிடம் கேட்டால், "பில்லைப் பாருங்க, ஒரு கிலோகூடக் குறையலை" என்கிறார். உண்மைதான், குறையவில்லை. நானும் லாரியில் வந்த எடையைத்தான் சரிபார்த்தேன். எந்தக் கம்பியை எங்கே கட்டினார்கள் என்று பார்க்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பால்கனி, சன்ஷேட் எதுவானாலும், கான்கிரீட் கலக்கும் முன் வரைபடத்தோடு இன்ஜினியரை நேரில் வரச் சொல்லுங்கள். டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள். மேல்கம்பி, வெளியே நீளும் அளவைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே போகிறதா என்று பாருங்கள். அப்புறம், கான்கிரீட் போடும்போது யாரும் மேல்கம்பியை மிதிக்க விடாதீர்கள். 15 அங்குல பீமில் அது 2 அங்குலம் இறங்கினாலே வலிமையில் ஆறில் ஒரு பங்கு போல போய்விடும்.

இரண்டு பீமையும் தளத்தோடு இடித்து, எங்கள் செலவில் மறுபடி போட்டோம். 1,40,000 ரூபாய் ஆனது. கான்ட்ராக்டர் இதுவரை ஒரு ரூபாய்கூடத் தரவில்லை.