இடைநீக்கம் பெற்ற மகனும் கல்லூரி விண்ணப்பமும்: தஞ்சாவூர் வழிகாட்டு மையம் ஒன்றில் எங்கள் அனுபவம்

பதினோராம் வகுப்பில் சக மாணவனை அடித்ததற்காக என் மகன் ஐந்து நாள் இடைநீக்கம் செய்யப்பட்டான். அது அவனுடைய மேற்படிப்பையே அடைத்துவிடுமோ என்ற அச்சத்தில், குறுவைக்கு நாற்றங்கால் வேலை நடந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில், திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் இயங்கும் வழிகாட்டு மையத்துக்கு அவனை அழைத்துச் சென்றேன். கட்டணம் 6,000 ரூபாய்.

முதல் நாள் சந்தித்த இளம் ஆலோசகர், "இதை எங்கும் எழுத வேண்டாம், யார் பார்க்கப்போகிறார்கள்" என்றார். பதினேழு வயதுப் பையன் முன்னால் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. மறுமுறை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியையான மூத்த ஆலோசகரைக் கேட்டு வாங்கினேன். கொடுத்த பணத்துக்கு அவர் ஒருவரே போதும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200 மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை அமைகிறது, ஒழுக்க நடவடிக்கைக்கு அதில் இடமில்லை என்று முதலில் விளக்கினார். மாற்றுச் சான்றிதழில் மாணவரின் ஒழுக்கம் பற்றிய வரி உண்டு என்பதால், அதில் என்ன எழுதப்படும் என்று பள்ளியிலேயே முன்கூட்டிக் கேட்கச் சொன்னார். கேட்டோம். பின்னர் "நன்று" என்றே வந்தது.

என் தம்பி டல்லாஸில் இருப்பதால் இரண்டு அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்க எண்ணியிருந்தோம். பல கல்லூரிகளுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தின் பொதுப் பகுதியில் இருந்த ஒழுக்க நடவடிக்கைக் கேள்வி, கறுப்பின மாணவர்களையே அது அதிகம் பாதித்ததைக் கண்டு, 2021-22 சேர்க்கை ஆண்டு முதல் நீக்கப்பட்டது என்றும், ஆயினும் தனித்தனிக் கல்லூரிகள் தங்கள் கேள்விகளில் அதைக் கேட்கலாம் என்றும், கேட்ட இடத்தில் மறைத்தது பின்னால் தெரிந்தால் கொடுத்த இடத்தையே திரும்பப் பெறக்கூடும் என்றும் அவர் சொன்னார். எங்கள் இரண்டில் ஒரு கல்லூரி கேட்டிருந்தது.

அந்தப் பதிலை அவர் தாமே எழுதித்தர மறுத்துவிட்டார். என் மகன் நான்கு முறை எழுதினான். அடிபட்ட மாணவன்மேல் பழிபோடும் வரியை ஒவ்வொரு முறையும் அடித்துவிட்டு, நடந்தது என்ன, அதன்பின் நீ செய்தது என்ன என்பதை மட்டும் எழுது என்று பொறுமையாகத் திருப்பித்தந்தார். நான்காம் முறை, அந்தப் பையன் வீட்டுக்குத் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டதை அவன் எழுதியிருந்தான். அதுவரை எனக்கே அது தெரியாது.

கேள்வி கேட்ட கல்லூரியே இடம் தந்தது. உதவித்தொகை போதாததால் கலந்தாய்வு வழியாக இங்கேயே சேர்த்துவிட்டோம்.

செல்கிறவர்கள் மூத்த ஆலோசகரிடமே நேரம் கேளுங்கள். பள்ளி தந்த இடைநீக்கக் கடிதத்தைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். அதை வீட்டில் வைத்துவிட்டுப் போனதால் எங்களுக்கு ஒரு நாள் வீணாயிற்று.