மாத்திரையா, மோரா, கீரையா?

போன மாதம் மருந்துக் கடையில் ஒரு அட்டை புரோபயாட்டிக், அதாவது நல்ல பாக்டீரியா அடைத்த கேப்ஸ்யூல் வாங்கினேன். வயிற்றுக்காக இல்லை. தூக்கம் கெட்டு, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. குடலைச் சரிசெய்தால் மனசும் சரியாகும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன். "இந்தக் காசுக்கு நாலு நாள் பால் வாங்கித் தயிராவது தோய்த்திருக்கலாம்" என்றார்கள் வீட்டில். கிண்டல்தான். ஆனாலும் மனசுக்கு மாத்திரையா, மோரா, கீரையா என்ற கேள்வி நியாயமாகப் பட்டது.

குடலும் மூளையும் பேசிக்கொள்வது உண்மை. நடுவில் ஓடும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி, கீழிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் ப்யூட்டிரேட் போன்ற அமிலங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் 'உடம்பின் செரட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான்' என்று விளம்பரம் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். செரட்டோனின் மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருள்; கணக்கும் ஏறக்குறைய சரிதான். அந்தச் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள்.

முதலில் மாத்திரை. இதன் புகழுக்கு அயர்லாந்தின் கார்க் நகரத்து எலிகளும் ஒரு காரணம். 2011-ல் அங்கே லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவின் ஜேபி-1 ரகத்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பயமும் பதற்றமும் குறைந்தன. வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்தப் பலன் காணாமல் போனது. அழகான சோதனை. பிறகு அதே ரகத்தை 29 ஆரோக்கியமான ஆண்களுக்கு எட்டு வார ஆய்வில் கொடுத்துப் பார்த்து, முடிவை 2017-ல் வெளியிட்டார்கள். பாக்டீரியா இல்லாத டம்மி மாத்திரையைவிட ஒரு பிடி கூட மேலாக இல்லை. எலி வேறு, மனுஷன் வேறு.

மாத்திரைக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வு மருந்து சாப்பிட்டும் போதுமான குணம் தெரியாத 49 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, லண்டனில் 14 ரகங்கள் கலந்த புரோபயாட்டிக்கை மருந்தோடு சேர்த்து எட்டு வாரம் கொடுத்தார்கள். டம்மி சாப்பிட்டவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். 2023-ல் வந்த இந்த ஆய்வு சிறியது, முன்னோட்டம்தான். ஆனாலும் தள்ளிவிட முடியாது.

சிக்கல், நான் வாங்கிய அட்டையில் இருந்தது. எத்தனை நூறு கோடி பாக்டீரியா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இனத்தின் பெயரும் இருந்தது. எந்த ரகம் என்பது மட்டும் இல்லை. நெல் என்று மட்டும் எழுதி மூட்டையை விற்பது மாதிரி. பொன்னியா, சீரகச் சம்பாவா என்று தெரியாமல் பிரியாணிக்கு எப்படி வாங்குவது? ஆய்வில் வேலை செய்தது ஒரு குறிப்பிட்ட ரகம்; அதே இனத்தில் இன்னொரு ரகம் சும்மா வந்து போகலாம்.

அடுத்தது மோர். 2013-ல் லாஸ் ஏஞ்சலிஸில் 36 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் நான்கு வாரம் புளித்த பால் கொடுத்தார்கள். கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டியபோது அவர்களின் மூளை எதிர்வினை தணிந்திருந்தது ஸ்கேனில் தெரிந்தது. செலவு செய்தது ஒரு தயிர் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஸ்கேன் மாறியதால் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்றும் ஆகாது. 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், புளித்த உணவு நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின, ரத்தத்தில் அழற்சியை (உடம்பின் உள்வீக்கத்தை) காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவில் வகைகள் கூடவில்லை. இதில் மனநிலை மையக் கேள்வி இல்லை. ஆனாலும் மோர் ஒரு சுற்று ஜெயித்தது.

ஆமாம், இட்லியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாவைப் புளிக்கவைத்த பாக்டீரியா இட்லிப் பானையில் செத்துவிடும். மோர்க்குழம்பு கொதித்தாலும் அதே கதிதான். மோர், பழைய சோறு மாதிரி, புளித்தபின் அடுப்பேறாதவைதான் உயிரோடு வயிற்றுக்குப் போகும்.

கீரை என்று நான் சொல்வது காய், பருப்பு, முழுதானியம் எல்லாம் சேர்ந்த முழுத் தட்டை. மாத்திரையும் மோரும் விதைப்பு என்றால் இது எரு. ஆஸ்திரேலியாவில், உணவுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் மனச்சோர்வு உள்ள 67 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு 12 வாரம் உணவு ஆலோசனை. மீதிப் பேருடன் உட்கார்ந்து பேச்சு, சீட்டாட்டம். 2017-ல் வெளியான முடிவு: உணவுக் குழுவில் 32 சதவீதம் பேர் மனச்சோர்வு நிலையிலிருந்தே வெளியே வந்திருந்தார்கள், மற்றதில் 8 சதவீதம். அந்த 67 பேரில் 55 பேர் ஏற்கெனவே மருந்தோ உளவியல் சிகிச்சையோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். சாப்பாடு அதோடு சேர்ந்ததுதான், அதற்கு மாற்று இல்லை. இன்னொரு ஓட்டையும் உண்டு: டம்மிக் கீரை என்று ஒன்று கிடையாது. யாருக்கு எது கிடைத்தது என்பது அவரவருக்குத் தெரியும். பலன் பாக்டீரியா வழியாகத்தான் வந்தது என்றும் அந்த ஆய்வு காட்டவில்லை.

என் வரிசையில் கீரை முதலில், மோர் அடுத்து, மாத்திரை கடைசி. கீரையையும் மோரையும் ஏன் பிரிக்க வேண்டும் என்றும் தோன்றியது. எலிகளை வைத்துத் தொடங்கிய அதே கார்க் நகரத்தில் 2022-ல் 45 பேரை வைத்து இதையும் பார்த்திருக்கிறார்கள்: நார்ச்சத்தும் புளித்த உணவும் சேர்ந்த சாப்பாடு, நான்கு வாரம். மன அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்கு இன்னும் அதிகமாகக் குறைந்தது.

அட்டையில் ஆறு கேப்ஸ்யூல் பாக்கி. ஃப்ரிட்ஜ் கதவில் மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தூக்கம் பரவாயில்லை. அதற்கு மோர் காரணமா, பத்து மணிக்கே போனை வேறு அறையில் வைப்பது காரணமா, தெரியவில்லை.