சபையின் ஐந்தாண்டுத் திட்டம்: கமிட்டி எழுதுவதா, ஒருநாள் கூடுகையா, வீட்டுக் கூட்டமா?

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளில், “அடுத்த ஐந்து வருஷத்துக்கு என்ன செய்யப் போகிறோம்” என்ற பேச்சு பெரும்பாலும் இரண்டு சமயங்களில் எழும். புது ஆயர் வந்த முதல் வருடம், அல்லது ஆலயப் பிரதிஷ்டையின் நூற்றாண்டு நெருங்கும்போது. யாரை உட்கார வைத்துப் பேசுவது என்பதில்தான் இழுபறி. நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. சுமார் 150 குடும்பங்கள் உள்ள நகரத்துச் சபை ஒன்றை மனதில் வைத்து மூன்றையும் எடை போடுகிறோம்.

கமிட்டியே எழுதுவது

12 முதல் 15 பேர், மூன்று அமர்வு, ஒரு மாதத்தில் வேலை முடியும். செலவு டீயும் வடையும்தான். இந்த வழியைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பதிவேடுகள் கமிட்டியின் கையில்தான் இருக்கின்றன. கடந்த பத்து வருட ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் எடுத்து வருடவாரியாக எண்ணினாலே சபை வளர்கிறதா, மூப்படைகிறதா என்று தெரிந்துவிடும். அதோடு ஓய்வுநாள் பள்ளி வருகை, திடப்படுத்தல் (நற்கருணை எடுக்கத் தகுதி தரும் சடங்கு) பெற்றவர்களில் இன்னும் ஊரில் இருப்பவர்கள் எத்தனை பேர், மூன்று வருடக் காணிக்கைக் கணக்கு. இந்தத் தாள்கள் இல்லாமல் வேறு எந்த வழியில் இறங்கினாலும் பேச்சு வெறும் ஆசையோடு நின்றுவிடும்.

கெட்டுப்போவது வேறு இடத்தில். கமிட்டியின் ஆயுள் பெரும்பாலும் மூன்று வருடம், திட்டத்தின் ஆயுள் ஐந்து. தேர்தலில் எதிரணி வந்தால் அது “அவங்க போட்ட திட்டம்”. ஆயர் மாற்றலாகிப் போனால் கோப்பு பீரோவுக்குள் போகும். கட்டடத்தின் மேல் கமிட்டிகளுக்கு இருக்கும் பிரியமும் ஊரறிந்தது: பத்து வரித் திட்டத்தில் ஏழு வரி சிமெண்ட்டாக இருக்கும். அசையாச் சொத்தோ சபையின் பெயரில் இல்லை, சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கிறது. திருமண்டல (பேராயரின் நிர்வாக எல்லை) அனுமதி எழுத்தில் வருமுன் மண்டபத்துக்குத் தேதி குறித்துவிட்டால், அந்த ஒரு வரி மற்ற ஒன்பதையும் சேர்த்து நிறுத்திவிடும்.

ஒருநாள் கூடுகை

சனிக்கிழமை காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு வரை. 120 பேர் வந்தால் மேசைக்கு ஆறு பேராக 20 மேசை, ஒவ்வொன்றிலும் சார்ட் தாளும் ஸ்கெட்ச் பேனாவும். 20 நிமிடம் வீதம் மூன்று சுற்று. சுற்று முடிந்ததும் மற்றவர்கள் வேறு மேசைக்கு மாற, மேசைக்கு ஒருவர் மட்டும் அங்கேயே தங்கி, முன்பு பேசியதை வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். மைக் அறிவிப்புக்கு மட்டும். மைக்கைப் பொதுவில் விட்டால் மூன்று பேர் பேசுவார்கள், 117 பேர் கேட்பார்கள். ஆயர் எந்த மேசையிலும் உட்காராமல் இருப்பது நல்லது. “ஐயா என்ன நினைக்கிறாங்க” என்று முகம் பார்த்தே அந்த மேசை பேசும்.

பிறகு ஓட்டு. பிடித்த யோசனையில் ஒட்ட ஆளுக்கு ஐந்து ஒட்டுப்பொட்டு, மொத்தம் 600. இங்கேதான் அதிகம் சொதப்புகிறது. “மாலை டியூஷன்”, “பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி”, “ஏழை மாணவர் கல்வி” என்று மூன்று சார்ட்டில் தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 30 பொட்டு விழும். ‘புதுக் கீபோர்டு’ 40 வாங்கி ஜெயித்துவிடும். மொத்தம் 90 பொட்டு வாங்கிய விருப்பம் அங்கேயே கரைந்துபோகும். டீ நேரத்தில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரே கருத்துகளைச் சேர்த்த பிறகே பொட்டைக் கையில் கொடுக்க வேண்டும். 35 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பச்சைப் பொட்டு, மற்றவர்களுக்குச் சிவப்பு என்று பிரித்தால் எது யாருடைய ஆசை என்பது சுவரிலேயே தெரியும். முதல் பொட்டு விழுந்த இடத்திலேயே கூட்டம் குவியும் என்பதால், ஐந்தையும் எங்கே ஒட்டப்போகிறோம் என்று முதலில் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓட்டு சாப்பாட்டுக்கு முன்பே முடியட்டும். பிரியாணிக்குப் பிறகு வாலிபர்களைத் தேடிப் பிடிக்க முடியாது.

வீட்டுக் கூட்டம்

பத்து வட்டாரம், வட்டாரத்துக்குப் பதினைந்து குடும்பம், வாரம் ஒரு வட்டாரமாகப் பத்து வாரம். மே மாத விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்து ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கினால் ஆகஸ்டில் முடியும். டிசம்பரிலும் லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) நாட்களிலும் தொடவே வேண்டாம். பத்து வாரமா என்று அலுத்துக்கொள்வார்கள். சபைகள் ஒன்றாக இணைவது பற்றி 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சுதான் 1947 செப்டம்பர் 27இல் சிஎஸ்ஐ ஆனது என்று நினைவூட்டலாம்.

இருவர் போக வேண்டும்: ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. இருவரும் அந்த வட்டாரத்துக்காரர்களாக இருக்கக் கூடாது. பொருளாளரை அனுப்பினால் பேச்சு கணக்குக்குப் போய்விடும். பாட்டும் ஜெபமும் பத்து நிமிடம், கேள்விக்கு ஒரு மணி நேரம். இந்த அளவை விட்டால் அது இன்னொரு ஜெபக்கூட்டமாக முடியும். டீ, பிஸ்கட் போதும். முதல் வீட்டில் கேசரி போட்டால் பத்தாவது வீட்டில் விருந்தாகிவிடும். சந்தா பாக்கி உள்ளவர்களும் வாடகைக்கு வந்த புதுக் குடும்பங்களும் தங்களைக் கூப்பிடவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். வளைகுடாவிலும் பெங்களூருவிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு ஞாயிறு மாலை ஒரு போன் கூட்டம்.

எழுதுகிறவர், வீட்டார் சொன்ன சொல்லை மாற்றவே கூடாது. “நற்கருணை வாங்கப் போற மூணு படியில கைப்பிடி இல்லப்பா, அதான் கடைசி பெஞ்சுலயே இருந்துக்கிறேன்” என்று ஒரு பாட்டி சொன்னால், அது அறிக்கையில் “முதியோர் ஊழியம் பலப்படுத்தப்பட வேண்டும்” என்று ஆகிவிடும். முதல் வாக்கியத்தைப் படித்தவர் வெல்டரைக் கூப்பிடுவார். இரண்டாவதைப் படித்தவர் இன்னொரு சங்கம் தொடங்குவார்.

இதற்கும் ஒரு பெரிய குறை உண்டு. பல ஊர்களில் வட்டாரம் என்பது சாதித் தெருவும்கூட. வீட்டுக் கூட்டம் அந்தச் சுவரை இருந்தபடியே விட்டுவைக்கும். டோக்கன் குலுக்கி மேசையில் உட்கார வைக்கும் கூடுகைதான் அதில் கொஞ்சமாவது விரிசல் விடும்.

என்ன கேட்பது

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போடுவது கம்பெனிப் பழக்கம். பலவீனம் என்ற கட்டத்தைப் பத்துப் பேர் முன் திறந்தால் பழைய தேர்தல் சண்டை வெளியே வரும். “இந்தச் சபையில் மறக்க முடியாத நாள் எது, அன்று என்ன நடந்தது” என்று நல்லதிலிருந்து தொடங்கும் முறைக்கு வீட்டில் நன்றாக வாய் திறக்கிறார்கள். ஆனால் அது மட்டும் போனால் கல்லறை இடம், கணக்கு, நிறுத்தப்பட்ட மாலை ஆராதனை எல்லாம் அமுங்கிவிடும். நல்லதை வாயால் கேளுங்கள், குறையைப் பெயர் போடாத சீட்டில் வாங்குங்கள்.

எதை எடுப்பது

ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் வீட்டுக் கூட்டம். நேரம் இருந்தால் முதலில் கமிட்டி இரண்டு வாரத்தில் பதிவேட்டுத் தாள்களை முடிக்கட்டும், அடுத்த பத்து வாரம் வீடுகள், கடைசியில் அரைநாள் கூடுகை தேர்ந்தெடுக்க மட்டும். புதிய யோசனைக்கு அன்று இடமில்லை.

தேர்வானவை நான்கைத் தாண்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் இருவர், முதல் வருடத் தொகை, அதற்காக நிறுத்தப்போகிற பழைய வேலை எது என்பது. மூன்றாவதை யாரும் எழுத மாட்டார்கள். நான்கு பேர் மட்டும் வரும் செவ்வாய்க் கூட்டத்தை நிறுத்தலாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, அதை நடத்துகிறவரும் களைத்துப் போயிருப்பார். வற்புறுத்தித்தான் எழுத வைக்க வேண்டும். எல்லாம் ஒரே தாளில் அடங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக்கு முன்பு அந்தத் தாளை எடுங்கள். கணக்கு வாசித்து முடியும்போது ஹாலில் பாதி நாற்காலி காலியாக இருக்கும்.