சொட்டும் குழாய்: வாஷர் மட்டும் போதுமா, குழாயையே மாற்றணுமா?

எவ்வளவு இறுக்கினாலும் சொட்டுது, என்ன பண்ணலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அடியில் ஒரு டம்ளர் வைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 மில்லி விழுந்தால் நாளைக்கு 14 லிட்டருக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு குடம்!

செலவு
வாஷர்: சில ரூபாய்தான்.
புதுக் குழாய்: பித்தளை என்றால் சில நூறு ரூபாய்.

வேலை
வாஷர்: மாடித் தொட்டி வால்வை மூடிவிட்டு, குழாயின் மேல்பாகத்தை ஸ்பேனரால் கழற்றுங்கள். அடியில் கறுப்பு ரப்பர் தெரியும், அதுதான் வாஷர். அதில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் குற்றவாளி அதுதான். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள்.
புதுக் குழாய்: மரையில் கசிவைத் தடுக்கும் டெஃப்ளான் டேப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி முடுக்க வேண்டும். அது சுலபம். பழையதைக் கழற்றுவதில்தான் எனக்குப் பயம். சுவருக்குள் இருப்பது துருப்பிடித்த ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால், முரட்டுத்தனமாகத் திருகும்போது உள்ளேயே முறியலாம். பிறகு சுவரைக் கொத்தணும்.

எவ்வளவு நாள் உழைக்கும்
வாஷர்: குழாய்க்குள் அது உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அரித்துச் சொரசொரப்பாக இருந்தால் புது வாஷரும் நிற்காது.
புதுக் குழாய்: பல வருஷம் வரும்.

விளிம்பு வழவழப்பாக இருந்தால் வாஷரே போதும், யாரையும் கூப்பிட வேண்டாம். விளிம்பு அரித்திருந்தாலோ குழாய் உடம்பில் விரிசல் இருந்தாலோ புதுசு வாங்குங்கள். துருப்பிடித்த பைப்பாக இருந்தால் மட்டும் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள்.