பாறையில் இடித்த ஸ்டெர்ன் டிரைவ்: பிரித்துச் சரிசெய்வதா, பழையது தேடுவதா, புது அடிப்பாகமா?

கனடாவின் ஜார்ஜியன் விரிகுடாத் தீவுகளுக்கு நடுவே படகில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஹியூரான் ஏரியின் இந்தப் பக்கத்தில் அடியில் கிடப்பது பனியாறுகள் இழைத்துவிட்டுப் போன கருங்கல். நீர்மட்டமும் ஒரே மாதிரி நிற்காது. 2013 ஜனவரியில் பதிவேட்டிலேயே இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. 2020-இல் உச்சத்தை நெருங்கியது. ஒரு வருடம் மேலே கடந்துபோன பாறை அடுத்த வருடம் காத்திருந்து பிடித்துக்கொள்ளும். என்னைப் பிடித்துக்கொண்டது. புரொப்பெல்லருக்குக் கீழே மீன்செட்டை போல நீளும் ஸ்கெக் பாதி காணோம், ஒரு இதழ் மடங்கிவிட்டது, கரைவரை படகு நடுங்கிக்கொண்டே வந்தது.

என்னுடையது 4.3 லிட்டர் வி6 எஞ்சின், மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் இரண்டாம் தலைமுறை டிரைவ். ஸ்டெர்ன் டிரைவ் என்றால் எஞ்சின் படகுக்குள் இருக்கும், அதன் சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் கியர் பெட்டி பின்புறம் வெளியே தொங்கும். அதில் மேல்பாகம், புரொப்பெல்லரைத் தாங்கும் அடிப்பாகம் என்று இரண்டு பாதி. பட்டறையில் முதலில் சொன்னது, "முழு டிரைவையும் மாற்றிவிடுங்கள்." எதை மாற்றுவது என்று தீர்மானிப்பதற்கு முன் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

முதலில் டிரைவின் கியர் ஆயில். கீழே உள்ள திருகைக் கழற்றி ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்தேன். பால் ஊற்றிய காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்தத் திருகில் மை போல மெல்லிய பூச்சு இருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் செதில்கள் இருந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது. எனக்கு இலேசான பால் நிறம், செதில் இல்லை. ஆனால் ஆயில் பால் நிறமானால் பாறைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ப்ரொப்புக்குப் (புரொப்பெல்லரைச் சுருக்கி அப்படித்தான் சொல்வோம்) பின்னால் சுற்றிக்கொள்ளும் தூண்டில் நரம்பு, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்து, மாதக்கணக்கில் தண்ணீர் கசிந்திருக்கலாம்.

அடுத்தது ப்ரொப்பைத் தாங்கும் ஷாஃப்ட்டின் கோட்டம். நியூட்ரலில் ப்ரொப்பைக் கழற்றி, ஷாஃப்ட் நுனிக்கு அருகே ஒரு கம்பியை அசையாமல் நிறுத்தி, கையால் சுற்ற வேண்டும். இடைவெளி விரிந்து சுருங்குவது கண்ணுக்கே தெரிந்தால் நுணுக்கமாக அளக்கும் டயல் கேஜ் தேடி அலைய வேண்டாம், ஷாஃப்ட் போயிற்று. என்னுடையது தெரிந்தது.

எஞ்சின் உறுமுகிறது, படகு நகரவில்லை என்றால் உடனே கியரைச் சந்தேகிக்காதீர்கள். ப்ரொப் நடுவிலுள்ள ரப்பர் ஹப் நழுவியிருக்கலாம். ஹப்பையும் ப்ரொப்பையும் சேர்த்து ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு விலகினால் செலவு ப்ரொப்போடு முடிந்தது. ஓடும்போதே கியர் தானாக விடுபடுகிறதா? அப்போது சந்தேகம் கிளட்ச் மேல். ஆல்ஃபாவில் கிளட்ச் அடிப்பாகத்தில் இருக்கிறது, மெர்க்ரூசரின் இன்னொரு வகையான பிராவோவில் மேல்பாகத்தில். எந்த டிரைவ் என்று தெரியாமல் பிரித்தால் தவறான பாதியைப் பிரிப்பீர்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

பிரித்துச் சரிசெய்வதில் இரண்டு வகை. சீல், ப்ரொப் ஷாஃப்ட், ஸ்கெக் வெல்டிங் அளவில் நிற்பது ஒன்று. வெளி உலோகக் கூடான கேஸ் விரிசல் விடாமல், கியர் பற்களும் நன்றாக இருந்தால் இதுதான் மலிவு. ஆனால் வளைந்த ஷாஃப்டோடு கரைவரை ஓட்டியிருந்தால் அதைத் தாங்கும் பேரிங்குகளும் அடி வாங்கியிருக்கும். திறந்த பிறகுதான் மெக்கானிக் தலையைச் சொறிவார். கியர் செட்டே மாற்றுவது இன்னொன்று. பினியன் என்னும் சிறு கியரின் உயரம், பற்களின் இடைவெளி எல்லாவற்றையும் ஷிம் என்னும் மெல்லிய தகடுகள் வைத்து அளந்து பொருத்த வேண்டும். அதற்கென்று தனிக் கருவிகள் உண்டு. கை தேர்ந்தவர் கிடைத்தால் அருமை. கிடைக்காவிட்டால் கியர் செட் விலை, கூலி இரண்டையும் கூட்டிப் பார்த்து, புது அடிப்பாகத்தின் விலையோடு ஒப்பிடுங்கள். ஆல்ஃபாவைப் பொறுத்தவரை நான் இதற்குப் போகமாட்டேன். கியர் உட்காரும் கேஸில் விரிசல் இருந்தால் வெல்டிங் பேச்சே வேண்டாம். சூட்டில் பேரிங் குழிகள் கோணிவிடும்.

பழைய அடிப்பாகம் வாங்குவது கவர்ச்சியானது, ஏரிப் படகுகள் நிறைந்த ஒன்டாரியோவில் கிடைக்கவும் செய்யும். முதல் தலைமுறையும் இரண்டாம் தலைமுறையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, அதை முதலில் உறுதிசெய்யுங்கள். வேக விகிதம் வேறாயிற்றே என்ற கவலை வேண்டாம். ஆல்ஃபாவில் விகித வேறுபாடு மேல்பாகக் கியர்களில்தான். கடலில் ஓடியதா என்று கேளுங்கள். உப்பு அரித்த அலுமினியத்துக்குப் பெயிண்ட் அடித்தால் புதிதாகத்தான் தெரியும். ஆயிலை இறக்கிப் பார்க்காமல், 10–15 பி.எஸ்.ஐ. காற்றும் அப்புறம் வெற்றிடமும் கொடுத்துச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். காற்றுக்குத் தாங்கும் சீல் வெற்றிடத்தில் கசிவதுண்டு. இத்தனைக்கும் சம்மதிக்காத விற்பனையாளரிடம் நான் திரும்பிவந்தேன்.

மூன்றாவது, வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் புது அடிப்பாகம். கியர், பேரிங், சீல், செங்குத்து ஷாஃப்ட் எல்லாம் பொருத்தியே வருகிறது, உத்தரவாதமும் உண்டு. இடியில் முறுக்கேறியிருக்கக்கூடிய செங்குத்து ஷாஃப்ட்டும் இதோடு மாறிவிடுவது பெரிய நிம்மதி. கறுப்பு நிறம் மேல்பாகத்தோடு அச்சாகப் பொருந்தாது. அது எனக்குப் பொருட்டில்லை. அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு டிரைவைக் காக்கும் ஆனோட் கட்டிகளில் எது பொருந்தும் என்று மட்டும் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். டிரான்ஸம் என்னும் பின்சுவரிலுள்ள துளையை அடைத்து, வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு மாறுவதும் ஒரு வழிதான். என் படகின் மதிப்புக்கு அந்தச் செலவு அதிகம்.

புது அடிப்பாகத்தையே எடுத்தேன். ஆனால் மேல்பாகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு. ஆறு நட்டுகளைக் கழற்றி டிரைவை இறக்கினேன். சுழலும் ஷாஃப்ட் மடங்க உதவும் யூ-ஜாயிண்டுகளைக் கையால் மடக்கினேன். எங்கும் கரகரப்பு இல்லை. அந்த ஷாஃப்ட்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கை விரலால் சுற்றினேன், தண்ணீர் புகாமல் காக்கும் பெல்லோஸ் ரப்பர் உறையில் வெடிப்பு தேடினேன், அலைன்மென்ட் கம்பியை உள்ளே விட்டு எஞ்சின் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். இந்த நான்கில் ஒன்று கெட்டிருந்தாலும் கணக்கு மாறியிருக்கும். திரும்ப ஏற்றும்போது டிரைவும் கண்ட்ரோலும் ஃபார்வர்ட் கியரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கியர் மாற்றும் இணைப்பு சேராது.

ஆயிலைக் கீழிருந்து மேலாகப் பம்ப் செய்து நிரப்பினேன். சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் அதே வெள்ளைப் பாத்திரத்தில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தேன்; தெளிவாக இருந்தது. அக்டோபரில் படகைக் கரையேற்றும் முன் இன்னொரு முறை பிடிப்பேன். தண்ணீர் கலந்த ஆயிலோடு டிரைவை ஒன்டாரியோ குளிரில் விட்டால், அது உறைந்து புதுக் கேஸையும் பிளந்துவிடும்.