பூமலைக்குப் போனால் மரங்களைப் பாருங்கள்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு உறவினர் யார் வந்தாலும், பூமலை (பொட்டானிக் கார்டன்ஸ் என்கிற தாவரவியல் தோட்டம்) என்றவுடன் நேராக ஆர்க்கிட் தோட்டத்துக்கு அழைத்துப் போய்விடுகிறோம். டிக்கெட் எடுத்து, கலர் கலராகப் பூக்களுக்கு முன்னால் நின்று படம் பிடித்து, வியர்த்துப்போய் வெளியே வந்ததும் பூமலையைப் பார்த்தாயிற்று என்று கணக்கு முடிந்துவிடும். 82 ஹெக்டேர் தோட்டத்தில் செடி பார்க்கக் காசு வாங்குகிற இடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இலவசம். தோட்டம் காலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும். பூமலைக்கு 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி கொடுத்ததும் பூக்களின் அழகுக்காக மட்டும் இல்லை. இந்த வட்டாரத்தின் பிழைப்பையே மாற்றிய ஆராய்ச்சி இங்கே நடந்திருக்கிறது. என்னைக் கேட்டால் மரங்களில் தொடங்குங்கள், நேரம் மிச்சம் இருந்தால் பூப் பக்கம் போகலாம்.

வழி எளிது. வடக்கே பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையம், தெற்கே டாங்லின் வாசல் பக்கம் நேப்பியர் எம்ஆர்டி. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறிவிடுங்கள். வந்த வழியே திரும்பி நடப்பது வீண் வேலை. வயதானவர்கள் கூட இருந்தால் முழுத் தோட்டத்தையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். பெஞ்சுகள் இருக்கின்றன, நிழலும் இருக்கிறது, ஆனால் புழுக்கம் பத்து மணிக்கே ஆளை அடித்துப்போடும். விடிந்ததும் போவதுதான் சரி.

நடுவில் ஏறக்குறைய 6 ஹெக்டேருக்கு மழைக்காடு ஒன்று இருக்கிறது. தோட்டம் போட்டது 1859இல். காடு அதற்கும் முந்தியது. நகரம் முழுக்க மரத்தை வெட்டி வீடும் தோப்புமாக ஆன காலத்தில் எப்படியோ தப்பிப் பிழைத்த துண்டு. நிறைய பேர் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே போனால் வெளிச்சம் சட்டென்று குறையும். கொடிகள் மரத்தைச் சுற்றி ஏறி, மேலே எங்கேயோ போய்த்தான் இலை விரித்திருக்கும். கொசு உண்டு, முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பாதையில் உடும்பு குறுக்கே போனால் பயப்பட வேண்டாம், அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

டாங்லின் பக்கம் வேலி போட்டு வைத்திருக்கும் தெம்புசு மரத்தையும் விடாதீர்கள். அதன் கீழ்க்கிளை ஒன்று தரையை ஒட்டிப் படுக்கை வசமாக நீண்டிருக்கும். 1999இல் வந்த 5 வெள்ளி (டாலர்) நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இந்த மரம்தான். பழைய நோட்டு கையில் இருந்தால் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

இனி ரப்பர் மரத்துக்கு வருகிறேன். எனக்குப் பூமலை என்றாலே அதுதான்.

என் அம்மா மலேசியாவின் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவியவர். இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கு கட்டி, நிரைக்கு, அதாவது தன் மர வரிசைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் சீவி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிவது மட்டுப்படும். இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது. அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரியும். அவரை இங்கே அழைத்து வந்தபோது அல்லிக்குளத்துக்கும் பனைகளுக்கும் 'ம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். ரப்பர் மரத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். மூன்று மூன்றாக இருந்த இலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பட்டையில் கை வைத்தார். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிகிற மாதிரி விரலால் ஒரு கோடு இழுத்தார். "இப்படித்தான் போவணும்யா. ஆழமாப் போனா மரம் காயப்பட்டுடும், மேலோட்டமாப் போனா பால் வராது. கிராணி வந்து பார்த்துட்டுத் திட்டுவாரு." கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், அந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். அம்மாவின் விரலுக்கு அந்தக் கோணம் இன்னும் மறக்கவில்லை.

அந்த மரங்கள் இந்த நாட்டுக்கு வந்த கதையும் இந்தத் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகளைக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டு அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அப்போது அவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1888இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதே வெட்டை மறுபடி மெல்லிசாகச் சீவினால் பால் தொடர்ந்து வரும் என்பதுதான் அதன் சூட்சுமம். காப்பி பயிரிட்டவர்களிடம் போய் ரப்பர் நடுங்கள் என்று நச்சரித்து, கோட்டுப் பையில் விதையைத் திணித்து அனுப்புவாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிகத்துக்காக நட்டார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருக, 1920களில் உலகத்து ரப்பரில் பாதி மலாயாவிலிருந்து போனது. ரிட்லி அதையும் பார்த்துவிட்டு, நூறு வயது வரை இருந்து 1956இல்தான் போனார்.

இந்தக் கதையை ஹோல்டம் ஹால் என்ற பழைய கட்டடத்தில் இருக்கும் மரபுடைமை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சின்ன இடம்தான், அனுமதி இலவசம். மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்குவதற்கும் தோதான இடம். ஒன்று சொல்ல வேண்டும். ரிட்லி செய்தது ஆராய்ச்சி. அந்த மெல்லிசான வெட்டை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் போட்டவர்கள் கப்பலில் வந்த நம் ஆட்கள். வேலை வாங்கிய கங்காணி, குடியிருந்த லயம், பால் வாளி எல்லாவற்றையும் கூட வருகிற பிள்ளைகளுக்கு நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பாட்டியோ தாத்தாவோ தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்றால் அவரை அழைத்து வாருங்கள், வேறு வழிகாட்டி தேவையில்லை. கீழே ரப்பர் கொட்டை கிடந்தால் அதைத் தரையில் தேய்த்துச் சூடு வைப்பது எப்படி என்றும் அவர் காட்டிக்கொடுப்பார். செடி, விதை எதையும் எடுத்துக்கொண்டு போகாமல் இருந்தால் போதும்.

ஆர்க்கிட் தோட்டத்தைக் குறை சொல்ல எனக்கு ஆசை இல்லை. நல்ல தோட்டம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், இரண்டாயிரம் கலப்பினங்கள் என்கிறார்கள். தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமையும் பார்க்கலாம். மாந்தேலாவுக்கும் தாட்சருக்கும் ஒவ்வொரு ஆர்க்கிட் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள், பிள்ளைகள் 'யார் அது' என்று கேட்பார்கள். உண்மையில் சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை உதவினால்தான் முளைக்கும். 1920களில் இங்கே இயக்குநராக இருந்த ஹோல்டம், கண்ணாடிக் குடுவையில் சர்க்கரைக் கூழ் வைத்து விதையை முளைக்கவைக்கும் முறையைக் கையாண்டார். இன்று கடையில் விற்கிற ஆர்க்கிட் தொட்டிக்கெல்லாம் அந்தக் குடுவைதான் தொட்டில். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் டிக்கெட் காசு செரிக்கும். இல்லாவிட்டால் வெறும் படப்பிடிப்புத்தான்.

கைக்குழந்தையோ பள்ளிப் பிள்ளையோ இருந்தால் வடக்குப் பக்கம் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் உண்டு. பிள்ளை கூட இல்லாமல் பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள், அதனால் தனியாகப் போய் ஏமாற வேண்டாம். சனி, ஞாயிறு மாலைகளில் சிம்பொனி ஏரிப் பக்கம் புல்தரை முழுக்க விரிப்பும் நாய்களும் கல்யாணப் படப்பிடிப்புமாக இருக்கும். சத்தம் பிடிக்காதவர்கள் வார நாளில் போங்கள்.

மதிப்பெண் கேட்டால் மரங்களுக்கு ஐந்துக்கு ஐந்து, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மூன்றரை. அம்மா எல்லாவற்றுக்கும் சேர்த்து "கால் வலிக்குது, ஆனா நல்லாத்தான் வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டார்.